வன உரிமை மனு: கிராம சபைத் தீர்மானத்திலிருந்து உரிமைப் பத்திரம் வரை

காட்டு நிலத்தின் மீதும் காட்டு வளத்தின் மீதும் தங்களுக்கு இருக்கும் உரிமையை அங்கீகரிக்கக் கோரி, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் வனவாசிகள் கொடுப்பது வன உரிமை மனு. அதன் கணக்கெல்லாம் ஒரே தேதியை வைத்துத்தான்: 2005 டிசம்பர் 13. ஏதோ ஓர் அதிகாரி குறித்த நாள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வன உரிமை மசோதா மக்களவையில் முன்வைக்கப்பட்ட நாள் அது. முதலில் வந்த மசோதாவில் 1980 அக்டோபர் 25-க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் உரிமை. உச்சவரம்பு இரண்டரை ஹெக்டேர். பழங்குடியினர் அல்லாத வனவாசிகளுக்கு இடமே இல்லை. வி. கிஷோர் சந்திர தேவ் தலைமையில் அமைந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழு 2006 மே மாதம் தந்த அறிக்கைக்குப் பிறகுதான் தேதி 1980-இலிருந்து 2005 டிசம்பர் 13-க்கு நகர்ந்தது, மற்ற மரபுவழி வனவாசிகளும் சேர்க்கப்பட்டார்கள், உச்சவரம்பு நான்கு ஹெக்டேர் ஆனது. மக்களவை 2006 டிசம்பர் 15 அன்றும் மாநிலங்களவை டிசம்பர் 18 அன்றும் நிறைவேற்றின. 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறை. விதிகள் 2008-இல் வந்து, 2012 செப்டம்பரில் பெரிய அளவில் திருத்தப்பட்டன.

மனு எழுதப் போகிறவருக்கு இந்த வரலாறு எதற்கு? வனவாசிகளுக்கு நடந்தது வரலாற்று அநீதி என்று சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. இல்லாத உரிமையை அரசு புதிதாகக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் உரிமையை ஏட்டில் ஏற்றுக்கொள்கிறது. அதனால் மனுவில் "நிலம் வழங்குமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதாதீர்கள். "எங்கள் உரிமையை அங்கீகரிக்கக் கோருகிறோம்" என்று எழுதுங்கள். இதை வெறும் நடை வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். முதல் வகையில் எழுதினால் அது இலவசப் பட்டா மனுக்களோடு சேர்ந்து வட்டாட்சியர் அலுவலகத்திலேயே தங்கிவிடும்.

யார் கேட்கலாம்

பட்டியல் பழங்குடியினர் என்றால் இரண்டு நிபந்தனை: காட்டிலோ காட்டை நம்பியோ வாழ்கிறவராக இருக்க வேண்டும், கேட்கிற நிலம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அவர் கையில் இருந்திருக்க வேண்டும். வீடு காட்டு எல்லைக்கு வெளியே இருந்தாலும், பிழைப்பு காட்டை நம்பி இருந்தால் போதும்.

மற்ற மரபுவழி வனவாசிகளுக்குக் கூடுதலாக மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இங்கேதான் பல அலுவலகங்கள் தவறாகப் படிக்கின்றன. அந்த 75 ஆண்டு, குடும்பம் அந்தப் பகுதியில் வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததற்கான கணக்கு. அதே வயலை 75 ஆண்டு உழுதிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நிலத்துக்கு இவர்களுக்கும் 2005 டிசம்பர் 13-தான்.

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதுவானாலும் சட்டம் பொருந்தும். "இது முதுமலை, இங்கே செல்லாது", "சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது, இனி மனு வாங்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். சட்டத்தில் ஆதாரம் இல்லாத அந்த மறுப்பு பெரும்பாலும் எழுத்தில் வராது.

சாதிச் சான்றிதழ்தான் பல ஊர்களில் முதல் முட்டுக்கட்டை. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தர வேண்டும். அதற்கே ஆண்டுக்கணக்கில் அலைகிற குடும்பங்கள் உண்டு. சான்றிதழ் வரட்டும் என்று மனுவை நிறுத்திவைக்காதீர்கள். தந்தை, உடன்பிறந்தார், வாழ்க்கைத்துணை இவர்களில் யாருக்காவது இருந்தால் அந்த நகலை இணைத்து மனுவைப் பதியுங்கள். சான்றிதழ் விண்ணப்பத்தின் ரசீதையும் சேருங்கள்.

கூட்டம் எந்த ஊரில்

நடைமுறையில் அதிக மனுக்கள் பழுதாவது இங்கேதான். விதிப்படி, வன உரிமைக்கான கிராம சபையில் மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மனுக்கள் மீது தீர்மானம் போடும்போது மனுதாரர்களிலோ அவர்கள் பிரதிநிதிகளிலோ பாதிப்பேராவது இருக்க வேண்டும். 3,000 வாக்காளர் உள்ள ஊராட்சியில் 1,500 பேரைக் கூட்ட முடியாது. கூட்டினாலும் அடிவாரத்து ஊர்க்காரர்களே அதிகம் இருப்பார்கள். மலைக்கிராமத்தின் கோரிக்கை அங்கே எடுபடாது.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 'கிராமம்' என்பதற்கான விளக்கத்தில் வனக் கிராமம், பழைய குடியிருப்பு, அளவீடு செய்யப்படாத ஊர் எல்லாம் அடங்கும். அரசு அறிவித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே பதி, பாடி, மந்து என்று அழைக்கப்படும் பழங்குடிக் குடியிருப்பு ஒவ்வொன்றும் தனியாகவே கிராம சபையாகக் கூடலாம். 2012 திருத்தத்தின்படி ஊராட்சி தன் சபையில் இப்படிப்பட்ட குக்கிராமங்களின் பட்டியலைத் தயாரித்துக் கோட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். இல்லை என்றால், அடுத்த ஊராட்சிக் கிராம சபையில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை தமிழ்நாட்டில் வழக்கமான நாட்கள்) சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். அதன் பிறகு உங்கள் ஊர்க்கூட்டத்துக்கு இந்த நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஊரில் 120 பெரியவர்கள் என்றால் 60 பேர் வர வேண்டும், அதில் குறைந்தது 20 பெண்கள். 30 மனு என்றால் 15 மனுதாரராவது வேண்டும். வந்தவர் பெயர், வயது, கையெழுத்து அல்லது கைநாட்டு வரிசை எண்ணோடு பதிவேட்டில் இருக்கட்டும். கூட்டத்தின் தொடக்கத்திலேயே எண்ணி, "மொத்த உறுப்பினர் 120, வந்தோர் 74, பெண்கள் 33, மனுதாரர் 22" என்று முதல் வரியாக எழுதிவிடுங்கள். கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை என்ற ஒரே காரணத்தால் திரும்பி வந்த தீர்மானக் கட்டுகளில், உண்மையில் கோரம் இருந்தும் எண்ணிக்கையை எழுதாமல் விட்டவையும் உண்டு.

முதல் கூட்டத்தில், மனுக்களை வாங்கிச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 12 பேர் குழு என்றால் 8 பழங்குடியினர், 4 பெண்கள். தலைவர், செயலாளரைக் குழுவே தேர்ந்து, கோட்டாட்சியர் தலைமையிலான கோட்ட அளவிலான குழுவுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். வனவரோ கிராம நிர்வாக அலுவலரோ இதில் உறுப்பினர் ஆக முடியாது, ஊர்க்காரர்கள் மட்டுமே. குழு உறுப்பினர் தன் சொந்த மனு விசாரணைக்கு வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். அதையும் பதிவேட்டில் எழுதுங்கள். 2008-இல் அவசர அவசரமாகப் பெயருக்குப் போட்ட குழுக்கள் பல ஊர்களில் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. இறந்தவர்கள் பெயர்கூட இருக்கும். அப்படியானால் பழையதைக் கலைத்துப் புதிதாகத் தேர்ந்ததாகத் தீர்மானம் போடுங்கள்.

ஆதாரம்

சட்டம் கேட்பது குறைந்தது இரண்டு ஆதாரம். விதி 13 பெரிய பட்டியல் தருகிறது. அதில் இருந்து எதையாவது இரண்டைச் சேர்த்தால் போதும் என்று விடுவதால்தான் மனுக்கள் பலவீனமாகின்றன. வாக்காளர் அட்டையும் ரேஷன் அட்டையும் இரண்டு ஆதாரம்தான். ஆனால் இரண்டுமே நீங்கள் ஊரில் இருப்பதைத்தான் காட்டும், அந்த வயல் உங்களுடையது என்று காட்டாது. நல்ல மனுவில் ஓர் ஆதாரம் ஆளுக்கும், இன்னோர் ஆதாரம் நிலத்துக்கும், மூன்றாவது காலத்துக்கும் இருக்கும்.

நிலத்துக்கான ஆதாரம் நிலத்திலேயே கிடக்கும். கல் வரப்பு, சமன் செய்த படி வயல், தடுப்பணை, பழைய குடிசையின் அடித்தளம், கிணறு, பலா, மா, காப்பி. மரங்களின் அடிச் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளந்து எழுதுங்கள். நட்டவர் பெயரையும் எழுதுங்கள். புகைப்படம் எடுக்கும்போது வெறும் வரப்பை மட்டும் எடுக்காமல், பின்னால் தெரிகிற பாறை, மலைமுகடு, கோயில் ஏதாவது ஒன்று சேர்ந்து விழும்படி எடுங்கள். எங்கே எடுத்த படம் என்று பிறகு யாரும் கேட்க முடியாது.

காலத்துக்கான ஆதாரத்தில் மிக வலுவானது, மக்கள் ஒளித்துவைக்கிற காகிதம்தான். ஆக்கிரமிப்பு என்று வருவாய்த் துறை கொடுத்த பி மெமோ, வனத்துறை போட்ட அபராத ரசீது, வழக்குத் தாள், வெளியேற்ற நோட்டீஸ். குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகுமோ என்ற அச்சத்தில் இவற்றைக் கொடுப்பதில்லை. ஆனால் 1994-இல் அபராதம் கட்டிய ரசீது, 1994-இல் நீங்கள் அந்த நிலத்தில் இருந்தீர்கள் என்பதற்கு அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்று. தயங்காமல் இணையுங்கள். அதே சமயம், அப்படி ஒரு ரசீது இல்லை என்பதை மட்டுமே காரணமாக வைத்து மனுவைத் தள்ளக்கூடாது என்றும் 2012 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன.

செயற்கைக்கோள் படமும் அப்படித்தான். 2005-க்கு முந்தைய படத்தில் உங்கள் வயல் தெரிந்தால் நல்லது, இணையுங்கள். தெரியவில்லை என்பதால் மட்டும் மனு செத்துவிடாது. அந்தப் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாகலாமே தவிர அவற்றுக்கு மாற்றாக முடியாது. மர நிழலில் ராகியோ மிளகோ இருக்கும் நிலம் மேலிருந்து காடாகத்தான் தெரியும்.

பெரியவர்களின் வாக்குமூலத்துக்குச் சட்டத்தில் முழு மதிப்பு உண்டு. மனுதாரரே அதைக் கொடுக்கக் கூடாது, வேறு ஒரு பெரியவர் சொல்ல வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும். எப்படி எழுத வேண்டும்? சொல்பவரின் பெயர், வயது, ஊர், மனுதாரருக்கு அவர் என்ன உறவு. பிறகு அவர் கண்ணால் கண்டது: அந்த நிலத்தை முதலில் திருத்தியவர் யார், அப்போது இவருக்கு என்ன வயது, என்ன பயிர், எல்லை எது, எந்த ஆண்டு யானை அழித்தது, யார் இறந்தபோது நிலம் யாரிடம் போனது. ஆண்டு நினைவில்லை என்றால் ஊர் நினைவில் இருக்கிற நிகழ்ச்சியைச் சொல்லட்டும். கீழே கைநாட்டு, இரண்டு சாட்சி. முப்பது மனுவுக்கும் ஒரே வாசகத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி இணைப்பது பெரிய தவறு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதல் மூன்றைப் படித்ததுமே மொத்தக் கட்டின் மீதும் நம்பிக்கை இழந்துவிடுவார்.

அளவும் வரைபடமும்

தனிநபர் உரிமைக்குப் படிவம் 'ஏ'. அதில் வீட்டுக்கான நிலமும் சாகுபடி நிலமும் தனித்தனியாகக் கேட்கப்படும். எல்லாம் ஹெக்டேரில். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், 1 ஏக்கர் 40 சென்ட் என்றால் 0.57 ஹெக்டேர். உச்சவரம்பு 4 ஹெக்டேர், ஏறத்தாழ 9.88 ஏக்கர். எல்லாருக்கும் நான்கு கிடைக்கும் என்று பொருள் இல்லை. கையில் இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான்.

இங்கே குறைத்து எழுதுவதே அதிகம் நடக்கும் பிழை. உழுத பகுதியை மட்டும் அளந்துவிட்டு மாட்டுப்பட்டி, களம், தானியம் வைக்கும் இடம், சுழற்சியில் தரிசாக விட்ட துண்டு, மரப்பயிர் இவற்றை விட்டுவிடுகிறார்கள். விதி 12-ஏ இவை அனைத்தையும் சாகுபடி நிலத்தில் சேர்க்கச் சொல்கிறது. ஒரு முறை குறைத்து எழுதிவிட்டால் பிறகு கூட்டுவது மிகக் கடினம்.

கைபேசி ஜி.பி.எஸ். மரச்செறிவுக்குள் சில மீட்டர் தவறும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு நிமிடமாவது நின்று, எண் நிலைத்த பிறகு குறியுங்கள், காகிதத்திலும் எழுதுங்கள். பக்கத்து வயல்காரரையும் கூடவே நடக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மனுக்களின் எல்லை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மேல் குழு இரண்டையுமே நிறுத்திவைக்கும்.

களச் சரிபார்ப்புக்கு முன் மனுதாரருக்கும் வனத்துறைக்கும் எழுத்தில் தகவல் தர வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். வனத்துறை, வருவாய்த் துறை அலுவலர் வந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வராவிட்டால் வேலையை நிறுத்தாதீர்கள். பிறகு "நாங்கள் இல்லாதபோது நடந்தது" என்று ஆட்சேபம் வந்தால் ஒரு முறை மறு சரிபார்ப்புக்கு வரும். அப்போதும் அவர்கள் வரவில்லை என்றால் கிராம சபையின் முடிவே இறுதி. அந்த முத்திரை நகல் இல்லாமல் இந்த விதி உங்களுக்குக் கைகொடுக்காது.

தீர்மானமும் சமூக உரிமையும்

கிராம சபை அழைப்பு விடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் மனு வாங்கலாம். காரணம் எழுதி நீட்டிக்கலாம். வாங்கிய ஒவ்வொரு மனுவுக்கும் குழு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். சரிபார்த்து முடித்ததும் சபை மீண்டும் கூடி, மனு மனுவாக முடிவெடுக்க வேண்டும். "வரப்பெற்ற அனைத்து மனுக்களும் ஏற்கப்பட்டன" என்ற ஒற்றை வரித் தீர்மானம் உதவாது. பெயர், துணைவர் பெயர், பரப்பு, நான்கு எல்லை, பார்த்த ஆதாரம், முடிவு இத்தனையும் ஒவ்வொரு மனுவுக்கும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முழு நகல் ஊரில் இருக்கட்டும்; அலுவலகத்தில் கட்டுகள் காணாமல் போவது அபூர்வம் இல்லை.

தனிநபர் மனுவோடு நின்றுவிடும் ஊர்கள் பாதிக்கும் மேற்பட்ட உரிமையை விட்டுவிடுகின்றன என்பது எங்கள் உறுதியான கருத்து. மேய்ச்சல், மீன், தேன், கிழங்கு, நெல்லி, கடுக்காய், சீமார்ப்புல், மூங்கில், சுடுகாட்டுக்கும் கோயிலுக்கும் போகும் வழி ஆகியவற்றுக்குப் படிவம் 'பி'. மரபு எல்லைக்குள் இருக்கும் காட்டையே காக்கவும் நிர்வகிக்கவும் படிவம் 'சி', சமூக வன வள உரிமை. இந்தக் காட்டுக்கு நான்கு ஹெக்டேர் வரம்பு கிடையாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா கிராமம் 2009-இல் இதைப் பெற்று, மூங்கிலைக் கிராம சபையே விற்கும் நிலைக்கு வந்தது. சிறுவனப் பொருளுக்கான போக்குவரத்து அனுமதிச் சீட்டையும் 2012 முதல் கிராம சபையின் குழுவே தரலாம்.

வரைபடத்தை முதலில் மண்ணில் போடுங்கள். தேன் எடுப்பவர், மாடு மேய்ப்பவர், விறகுக்கும் கிழங்குக்கும் போகும் பெண்கள், பூசாரி எல்லாரும் சேர்ந்து ஓடை, தேன்பாறை, சாமி மரம், பழைய ஊர் இருந்த இடம் எல்லாம் குறிக்கட்டும். ஆண்கள் மட்டும் வரைந்த படத்தில் நீரூற்றும் கிழங்கு நிலமும் விட்டுப்போகும். பிறகு காகிதம், பிறகு நடை, பிறகு ஜி.பி.எஸ். பக்கத்து ஊர்களைத் தனியாக அழைத்து எல்லையைப் பேசி, பகிர்ந்துகொள்ளும் காடு இருந்தால் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேட்டையைப் பட்டியலில் எழுதாதீர்கள். சட்டம் அதை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களைத் தமிழ்நாட்டில் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ள பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கிறது. இவர்கள் வாழ்விட உரிமையும் கேட்கலாம்.

மேலே போன பிறகு

கோட்டாட்சியர் தலைமையிலான குழு பார்த்து, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு அனுப்பும். மாவட்டக் குழுவின் முடிவே இறுதி. குறைபாடு இருந்தால் மேல் குழு தானே தள்ளாமல் கிராம சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். தள்ளினால் விரிவான காரணம் எழுத வேண்டும், மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். தெரிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். கிராம சபை முடிவின் மீது கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழு முடிவின் மீது மாவட்டக் குழுவிடமும் போக வேண்டும்.

வாய்மொழியாக "ஆகலை" என்று சொல்லி அனுப்பினால் அதை ஏற்காதீர்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் மனுவின் நிலை, கூட்டத் தேதி, நடவடிக்கைக் குறிப்பின் நகல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 2019 பிப்ரவரி 13-இல், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பிப்ரவரி 28-இல் அதே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தள்ளுபடிகள் முறையாக நடந்தனவா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது. எழுத்தில் காரணம் இல்லாத தள்ளுபடியை எதிர்த்துப் பேச உங்களுக்கு வலுவான இடம் உண்டு. சரிபார்ப்பும் அங்கீகாரமும் முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. அந்த வரியை நகலெடுத்து ஊரில் வைத்திருங்கள்.

பத்திரம் வந்ததும் வாங்கிய இடத்திலேயே படியுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். பரப்பு தீர்மானத்தோடு ஒத்துப்போக வேண்டும். எல்லையோ வரைபடமோ இல்லாத பத்திரம் பின்னாளில் சண்டைக்கு விதை. மூன்று மாதத்துக்குள் வருவாய், வன ஆவணங்களில் ஏற்ற வேண்டும் என்பது விதி. நினைவூட்டுக் கடிதம் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் நடக்கும். இந்த நிலம் வாரிசுக்குப் போகும்; விற்கவோ மாற்றவோ முடியாது.

எதுவும் நகராவிட்டால்

தலைமைச் செயலாளர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு, எந்த அதிகாரி எந்த விதியை மீறினார் என்று எழுதி 60 நாள் அறிவிப்புக் கொடுக்கலாம். அதன் பிறகும் நடவடிக்கை இல்லை என்றால் பிரிவு 8-இன்கீழ் நீதிமன்றம் போகலாம்.

இன்னொரு வழி நாடாளுமன்றம். தொகுதி உறுப்பினரிடம் கோரிக்கை மனு கொடுப்பதைவிட, தயார் நிலையில் ஒரு கேள்வியைக் கொடுப்பது பயன்தரும். மக்களவைக் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். மாநில நிர்வாகத்தைக் குறைசொல்லும் கேள்வி அனுமதிக்கப்படாது. எனவே பழங்குடியினர் விவகார அமைச்சகத்திடம் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: தமிழ்நாட்டில் தனிநபர், சமூக, சமூக வன வள மனுக்கள் எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை தள்ளப்பட்டன, தள்ளியதற்கான காரணங்கள் எழுத்தில் தெரிவிக்கப்பட்டனவா, மாவட்ட வாரியாக விவரம் தருக. வாய்மொழி பதில் வேண்டாம், எழுத்துப் பதிலுக்கான கேள்வியாகவே கொடுக்கட்டும். வாய்மொழி பதிலுக்கான நட்சத்திரக் கேள்விகள் நாளுக்கு 20தான் எடுக்கப்படும், எழுத்துப் பதிலுக்கு 230 வரை இடம் உண்டு. பதில் அவை ஆவணமாகிவிடும். அதில் உங்கள் மாவட்டத்துக்கு எதிரே இருக்கும் எண்ணையும் ஊரில் இருக்கும் ஒப்புகைச் சீட்டுகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடுத்த கிராம சபையில் படியுங்கள்.